ஐ.பி. கொடுத்தவருக்கு வந்த சீர்
நொடிப்பு, விடுவிப்பு, உடைமை – ஒரு வரலாற்றுப் பார்வை

வியாபாரத்தில் விழுந்தவனுக்கு நம் மொழியில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. திவால் ஆனான் என்போம். மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான் என்போம். கோர்ட்டுப் பழக்கத்தில் ஐ.பி. போட்டுட்டாராம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்பதன் முதல் எழுத்துகள்தான் இந்த ஐ.பி. கன்னடத்தார் திவாளி என்பார்கள். பகலில் கடை வாசலில் விளக்கேற்றி வைத்து ‘என்னிடம் ஒன்றுமில்லை’ என்று ஊருக்குத் தெரிவித்ததால் வந்த பெயர் என்று சிக்பேட்டை வடநாட்டு வியாபாரிகள் அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். இத்தாலியச் சந்தையில் நொடித்தவனின் பலகையை உடைத்துப் போட்டதிலிருந்து வந்ததுதான் ஆங்கிலேயரின் ‘பாங்க்ரப்ட்’ என்னும் சொல்.

ஆனால் கோர்ட் விடுவித்து, கடன் தீர்ந்தவனாக மறுபடி நடமாடுகிறானே, அவனுக்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டா? இல்லை. இருபது வருஷம் கழித்தும் அவர் ‘ஐ.பி. கொடுத்தவர்’தான். மகள் கல்யாணத்துக்கு மைத்துனர் சீர் கொண்டு வந்தால், ‘இதை அவர் கையில் கொடுக்கலாமா, கோர்ட் எடுத்துக்கொள்ளுமா?’ என்று பந்தலிலேயே பேச்சு எழும். மாமனார் ஒரு மனை எழுதிவைக்க நினைத்தால், ‘அவன் பேர்ல வேணாம், பொண்ணு பேர்ல எழுதுங்க’ என்பார்கள். விடுவிக்கப்பட்டவர் கொடை வாங்கலாமா, சொத்து வைத்துக்கொள்ளலாமா என்ற இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு தலைமுறையில் வியாபாரத்தைத் தொட்டவர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பழைய நாளில் விடுவிப்பு என்ற ஒன்றே நம்மிடம் இருந்ததாகத் தெரியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்க் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் என்று அரபியர் அழைத்த பாண்டிய நாட்டில் கண்ட ஒரு வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். தவணை சொல்லிச் சொல்லி ஏமாற்றும் கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் தரையில் ஒரு வட்டம் கிழித்துவிட்டால் போதும். பணம் கொடுக்கும்வரை, அல்லது ஈடு காட்டும்வரை, அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. அயல்நாட்டு வியாபாரி ஒருவன் அரசனையே குதிரையோடு சேர்த்து வட்டம் கிழித்து நிறுத்தியதையும், அரசன் கடனைத் தீர்த்துவிட்டே நகர்ந்ததையும் தாம் பார்த்ததாகச் சொல்கிறார். நீதி நேர்மையைக் காட்டும் கதை என்று நம்மவர்கள் இதை மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு வேறு கேள்வி தோன்றும். கொடுக்க உண்மையிலேயே ஒன்றும் இல்லாதவன் அந்த வட்டத்துக்குள் எத்தனை நாள் நிற்பான்?

ஸ்மிருதி நூல்களும் இப்படித்தான். கடன் செத்தவனோடு போவதில்லை. தந்தை கடனை மகன் வட்டியோடு கட்ட வேண்டும். பாட்டன் கடனைப் பேரன் முதல் மட்டும் கட்ட வேண்டும். அடுத்த தலைமுறைக்குத்தான் விடுதலை. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாக்ஷரா என்ற உரையை விஞ்ஞானேசுவரர் எழுதியது நாம் குடியிருக்கும் இதே கருநாடகத்தில், இன்று பசவகல்யாண் எனப்படும் கல்யாணி நகரில், சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் (1076–1126). பிறப்பாலேயே மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்ற கொள்கையை நிலைநாட்டிய நூல் அது. பங்கு வந்தால் கடனும் வரத்தானே செய்யும்! தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்னும் விதி அந்த வழியில் ஆங்கிலேயர் கோர்ட்டுகளிலும் ஏறியது. சூது, குடி போன்ற தகாத காரியங்களுக்கு வாங்கிய கடனுக்கு மட்டும் விலக்கு. மகனை இதிலிருந்து விடுவித்தது 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம். அது அமலுக்கு வந்தபின் வாங்கிய கடனுக்கு, தர்மக் கடமை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மகனைக் கோர்ட் துரத்த முடியாது. கல்யாணியிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ தொள்ளாயிரம் வருஷம்.

அந்தப் பழைய முறையில் நொடித்த குடும்பத்துக்கு ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. அது மனைவியின் ஸ்திரீதனம். அது அவளுடையது, கணவனின் கடனுக்குப் போகாது. பஞ்சம், தர்ம காரியம், நோய், கடன்காரன் பிடித்து நிறுத்திய நெருக்கடி ஆகிய சமயங்களில் கணவன் அதை எடுத்துச் செலவழித்தால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று யாக்ஞவல்கியர் ஒரு தளர்வும் வைத்தார். சிலப்பதிகாரத்தை இந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரி தெரியும். கோவலன் பொருளைத் தொலைத்த வணிகன். பிறந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் மதுரைக்குப் போய்ப் புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கிறான். அவனுக்குக் கிடைத்த முதலீடு கண்ணகி மனமுவந்து கொடுத்த சிலம்பு. நொடித்த பின் கிடைத்த கொடையால் மறுபடி எழ முயன்ற வணிகனின் கதை என்றும் அதைச் சொல்லலாம். கொடையில் குற்றமில்லை; அது யாருடைய சொத்து என்று விசாரிக்காத அரசனிடம்தான் குற்றம்.

விடுவிப்பு என்ற எண்ணம் நமக்குக் கப்பல் ஏறி வந்தது. இங்கிலாந்தில் 1542-இலேயே நொடிப்புச் சட்டம் உண்டு. ஆனால் அது முழுக்கக் கடன் கொடுத்தவன் பக்கம். ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டீஃபோ அடிப்படையில் ஒரு வியாபாரி. 1692-இல் நொடித்துச் சிறைக் கம்பியையும் பார்த்தவர். நேர்மையாக எல்லாவற்றையும் ஒப்படைத்தவனை ஆயுள் முழுதும் துரத்துவதால் யாருக்கு லாபம் என்று 1697-இல் வெளியிட்ட நூலில் வாதாடினார். 1705-இல் இயற்றிய சட்டம்தான் முதன்முதலாக ஒத்துழைத்த கடனாளிக்குப் பழைய கடனிலிருந்து விடுதலை கொடுத்தது. சொத்தை ஒளித்தவனுக்குத் தூக்கு என்றதும் அதே சட்டம்தான்.

இந்த முறை 1828-இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று நகரங்களுக்கும் வந்தது. 1848-இல் திருத்தி எழுதப்பட்டது. நம் பக்கத்தில் இந்தச் சட்டத்தைப் பாமர மக்களும் தெரிந்துகொண்டது ஓர் ஆங்கிலேயக் கம்பெனியால்தான். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னை ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், ஜமீன்கள், கோயில் தர்மப் பணம் என்று ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு போயிற்று. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 1907-இல் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். லண்டன் பங்காளி மக்ஃபாடியன் முன்பே தற்கொலை செய்துகொண்டார். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் இந்தியன் வங்கி 1907-இல் பிறந்தது இந்தச் சாம்பலிலிருந்துதான். அதே 1907-இல் வெளிமாவட்டங்களுக்கு மாகாண நொடிப்புச் சட்டமும், 1909-இல் மூன்று தலைநகரங்களுக்குத் தனிச் சட்டமும் வந்தன. 1907 சட்டத்தின் இடத்தில் 1920-இல் புதிய மாகாண நொடிப்புச் சட்டம் அமர்ந்தது.

பெங்களூர்க் கதை தனி. 1881 முதல் 1947 ஜூலை வரை இங்கே ஒரே ஊரில் இரண்டு அரசு. பேட்டை மைசூர் மகாராஜாவுக்கு; தண்டு, அதாவது நம்மவர்கள் நிறைந்திருந்த அல்சூர், சிவாஜிநகர், கமர்ஷியல் தெரு எல்லாம் வெள்ளைக்கார ரெசிடெண்டுக்கு. கோர்ட்டும் தனித்தனி. அதெல்லாம் ஒன்றாகி இன்று இங்கே பொருந்துவது 1920-ஆம் ஆண்டு மாகாணச் சட்டம். ஆகவே சென்னையில் ஹைகோர்ட்டும் ‘அபிஷியல் அசைனி’யும் பார்க்கும் வேலையை இங்கே ஜில்லா கோர்ட்டும் ரிசீவரும் பார்க்கிறார்கள். சென்னை உறவினர் சொல்லும் அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒருவரை நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்த உடனே அவர் சொத்து முழுதும் கோர்ட்டுக்கோ ரிசீவருக்கோ போய்விடுகிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றைத் தொட மாட்டார்கள். தாலி பிழைத்தது இப்படித்தான். நம் போன்ற கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாதாரண ஜப்தியில் கணக்குப் புத்தகத்தை எடுக்கக் கூடாது. நொடிப்பில் அதுவும் ரிசீவர் கைக்குப் போகும். கணக்கைப் பார்க்காமல் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது எப்படி?

பலருக்குத் தெரியாதது அடுத்த விதி. அறிவித்த நாளுக்கும் விடுவிக்கும் நாளுக்கும் நடுவில் அவருக்கு எது வந்து சேர்ந்தாலும், அது வந்த கணமே ரிசீவருடையது. கொடை, உயிலால் வந்தது, வாரிசுப் பங்கு எதுவானாலும் சரி. 1927-இல் கலா சந்த் பானர்ஜி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இதை அழுத்திச் சொன்னது. விடுவிக்கப்படாத ஒருவருக்கு வாரிசாக வந்த பங்கு ரிசீவரிடம் போய்விட்டது. ரிசீவரைச் சேர்க்காமல் அடமானக்காரர் நடத்திய வழக்கு அந்தப் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு.

புத்தகத்தில் படிப்பதைவிட ஓர் உதாரணத்தில் பார்த்தால் விளங்கும். தண்டுப் பகுதியில் பாத்திர வியாபாரம் செய்த ஒருவர் எனக்குத் தெரிந்தவர். 1991-இல் நொடித்தவராக அறிவிக்கப்பட்டார். 1994-இல் அவர் தந்தை உயில் எழுதாமல் காலமானார். தந்தை சொந்தமாகச் சம்பாதித்த வீடு; வாரிசுகள் தாய், இவர், தங்கை என்று மூன்று பேர். யாரும் ரிசீவரிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. 1997-இல் நிபந்தனை ஏதுமில்லாத விடுவிப்பு கிடைத்தது. 2003-இல் தாயார் தம் பெயரிலிருந்த ஒரு மனையைத் தானப் பத்திரமாகப் பதிவுசெய்து இவருக்குக் கொடுத்தார். 2006-இல் தந்தை வீட்டை விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வக்கீல் பழைய கெஜட் அறிவிப்பைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார். குடும்பம் நடுங்கிப் போயிற்று. ‘விடுவிச்சாச்சுன்னு சொன்னாங்களே, மறுபடியும் எல்லாம் போயிடுமா?’ என்று அந்த அம்மாள் அழுதார்கள். எல்லாம் போகவில்லை. வீட்டில் இவருக்குரிய மூன்றில் ஒரு பங்கு 1994-லேயே ரிசீவருடையதாகிவிட்டது. அது பழைய கடன்காரர்களுக்குத்தான் போயிற்று. விடுவிப்பு, கடனிலிருந்து ஆளை விடுவிக்கும். முன்பே போன சொத்தைத் திருப்பிக் கொண்டுவராது. கடன் முழுதும் அடைந்தபின் மிச்சம் இருந்தால் மட்டும் அது அவருக்கு. 2003-இல் தாயார் கொடுத்த மனையை யாரும் தொடவில்லை, தொடவும் முடியாது. ஒரே மனிதருக்குத் தந்தை வழி வந்தது போயிற்று, தாய் கொடுத்தது நின்றது. நடுவில் இருந்தது 1997-ஆம் ஆண்டு உத்தரவின் தேதி ஒன்றுதான்.

ஆகவே கொடை எந்தத் தேதியில் கொடையாகிறது என்பது முக்கியம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிலம், வீடு என்றால் பதிவுப் பத்திரமும் வேண்டும். உயிலானால் எழுதிய தேதியைப் பார்ப்பதில்லை, எழுதியவர் இறந்த தேதியைத்தான் பார்க்க வேண்டும். மகன் நொடித்திருக்கும் நாளில் தந்தை எழுதிய உயில், மகன் விடுவிக்கப்பட்ட பிறகு தந்தை காலமானால், மகனுக்கு முழுசாகச் சேரும். மொய் விஷயமும் இப்படியே. நம்மூர் மொய் பாதிக் கொடை, பாதிக் கடன். அதற்கென்றே நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறோம். விடுவிக்கப்படாதவர் தம் கையில் வாங்கிய மொய், சட்டத்தின் எழுத்துப்படி ரிசீவருடையது. மணமக்கள் கையில் கொடுத்தது மணமக்களுடையது.

விடுவிப்பும் சும்மா வருவதில்லை. கோர்ட் குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ரூபாய்க்கு எட்டணா அளவுக்கும் சொத்து இல்லை, முந்தைய மூன்று வருஷம் ஒழுங்காகக் கணக்கு எழுதவில்லை, நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்தார், சூதாட்டம் அல்லது ஆடம்பரத்தால் விழுந்தார் என்பன போன்ற நிலைகளில் முழு விடுவிப்பு மறுக்கப்படும். எட்டணா குறைந்தது தம் தவறால் அல்ல என்று காட்டினால் வழி உண்டு. இன்னொரு வகையும் இருக்கிறது. ‘இனி வரும் வருமானத்திலும் சொத்திலும் இவ்வளவு கட்ட வேண்டும்’ என்று நிபந்தனையோடு விடுவிப்பது. இந்த வகை உத்தரவு உள்ளவருக்கு, விடுவித்த பின் வந்த கொடையிலும் கடன்காரருக்குப் பங்கு போகலாம். அதனால்தான் ‘டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு’ என்று வாயால் சொன்னால் போதாது. உத்தரவை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்றை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ‘கேஸ் முடிஞ்சு போச்சு’ என்பார்கள். எப்படி முடிந்தது? விடுவிப்புக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டால், நொடித்தவர் என்ற அறிவிப்பையே கோர்ட் ரத்து செய்யலாம். கேட்க நல்ல செய்தி போலத் தோன்றும். உண்மையில் கடன்கள் அப்படியே உயிர்பெற்று எழுந்து நிற்கும். ரத்து வேறு, விடுவிப்பு வேறு. வக்கீல் பீஸுக்கு அஞ்சியோ, மறுபடி கோர்ட் வாசலை மிதிக்க வெட்கப்பட்டோ கடைசிப் படியில் நின்றுவிட்டவர்கள் பலர். ஐ.பி. கொடுக்கக் காட்டிய வேகத்தை விடுவிப்பு வாங்கக் காட்டுவதில்லை.

முழு விடுவிப்புக்கும் சாகாத கடன்கள் சில உண்டு. சர்க்காருக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் ஏற்பட்டது, மனைவி மக்களுக்குக் கோர்ட் விதித்த ஜீவனாம்சம். விற்பனை வரி பாக்கி வைத்தவர், மாமனார் கொடுத்த மனை தமக்கே என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனரும் விடுபடுவதில்லை. கடன் வாங்கியவர் விடுதலையாகி நிற்க, கையெழுத்துப் போட்டவர் கட்டிக்கொண்டிருப்பதை நம் தெருக்களில் பார்க்கலாம்.

மனைவி பெயரில் எழுதும் பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. விழப்போகிறோம் என்று தெரிந்து அவசரமாக மனைவிக்கும் மகனுக்கும் எழுதிக் கொடுத்தால், எழுதிய இரண்டு வருஷத்துக்குள் தாக்கலான மனுவின் பேரில் நொடித்தவராக அறிவிக்கப்படும்போது ரிசீவர் அதை ரத்து செய்ய வைக்கலாம். திருமணத்துக்கு முன் திருமணத்தை முன்னிட்டுக் கொடுத்ததற்கும், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கும் மட்டும் காப்பு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1894-இல் பதிப்பகத் தொழிலில் நொடித்தபோது, அவருடைய நண்பரான எண்ணெய்க் கம்பெனி அதிபர் ஹென்றி ரோஜர்ஸ் முதலில் செய்த காரியம், நூல்களின் உரிமையை ட்வெயினின் மனைவி பெயருக்கு மாற்றியதுதான். மனைவியும் கணவனுக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் என்று காரணம் காட்டினார்கள். பிறகு ட்வெயின் இந்தியா, இலங்கை உட்பட உலகம் சுற்றிப் பேசிச் சம்பாதித்து, சட்டம் கேட்காததையும் சேர்த்து, 1898-க்குள் முழுக் கடனையும் தீர்த்தார். மனிதர் நாணயமானவர், முதலில் செய்த ஏற்பாடு மட்டும் நம்ம ஊர் ஏற்பாடுதான்!

விடுவிக்கப்பட்ட பிறகும் பழைய பயத்தில் எல்லாவற்றையும் மனைவி பெயரிலேயே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேவையில்லாத இடத்தில் ஒளிவதுபோல் அது தோற்றம் தரும். வங்கியில் கடன் கேட்கும்போது கைகொடுக்காது. நாளை வாரிசுச் சிக்கலையும் இழுக்கும். விடுவிக்கப்படாதவர் ஐம்பது ரூபாய்க்கு மேல் கடன் வாங்கும்போது தம் நிலையைச் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 1920 சட்டம். விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஐம்பது ரூபாய் என்ற தொகையைப் பார்த்தாலே சட்டத்தின் வயது தெரியும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக இரண்டு வரி. இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்தில் விடுவிப்பு வந்துவிடுகிறது. அதற்குள் வந்த கொடையையும் வாரிசுச் சொத்தையும் அங்குள்ள டிரஸ்டி நோட்டீஸ் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பின் வந்ததை எடுக்க முடியாது. அமெரிக்காவில் மனுப் போட்ட நாளிலிருந்து 180 நாளைக்குள் உரிமையான வாரிசுச் சொத்தும் கடன்காரர் கணக்கில் சேரும். இங்கே தாத்தா காலமானால் அங்கே பேரனின் வக்கீலுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் 2016-இல் வந்த நொடிப்பு, திவால் நெறிமுறைச் சட்டம் தனி மனிதருக்கும் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு வருஷ அளவில் விடுவிப்பு, குறைந்த வருமானக்காரருக்குப் புதுத் தொடக்கம் என்றெல்லாம் வகுத்தது. அந்தப் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும் அமலானது. சிக்பேட்டைத் துணிக்கடைக்காரருக்கும் அல்சூர் மளிகைக்காரருக்கும் 1920-ஆம் ஆண்டுச் சட்டமே இன்னும் சட்டம்.

அந்தப் பாத்திர வியாபாரி இப்போது தாயார் கொடுத்த மனையில் சிறியதாக வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். தானப் பத்திரத்தோடு 1997 உத்தரவின் கோர்ட் முத்திரையிட்ட நகலையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறார். மின் இணைப்புக்குப் போனபோதுகூட அதையும் எடுத்துக்கொண்டு போனாராம். யாரும் கேட்கவில்லை.